சூசன் லூச்சி எம்மி வாங்கியிருக்கிறார்

"19 முறை பரிந்துரைக்கப்பட்டும் சூசன் லூச்சிக்கு எம்மி கிடைக்கவே இல்லை" என்று ஒரு பதிவு இருக்கிறது. (எம்மி என்பது அமெரிக்கத் தொலைக்காட்சி விருது.) சின்னத் திருத்தம்: அவர் தோற்றது 18 முறை. 19-வது பரிந்துரையில் வென்றார்.

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த 'ஆல் மை சில்ட்ரன்' நெடுந்தொடரில் எரிக்கா கேனாக 1970 முதல் நடித்தவர். முதல் பரிந்துரை 1978-இல். விருது 1999 மே 21 அன்று, நியூயார்க்கில் நடந்த 26-வது டேடைம் (பகல்நேர நிகழ்ச்சிகளுக்கான) எம்மி விழாவில். பெயரை வாசித்தவர் நடிகர் ஷெமார் மூர்; அரங்கமே எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது.

குழப்பம் வர இரண்டு காரணங்கள் தெரிகின்றன. அவருடைய தோல்விகளைக் கிண்டல் செய்யும் நகைச்சுவைத் துணுக்குகள் இன்னும் சுற்றுகின்றன. 1990-இல் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில் அவரே தன்னைக் கேலி செய்துகொண்டதும் அதில் சேர்த்தி. அவையெல்லாம் வெற்றிக்கு முந்தையவை. இன்னொன்று, பிரைம்டைம் (மாலை, இரவு நேர நிகழ்ச்சிகளுக்கான) எம்மி வேறு, டேடைம் எம்மி வேறு. வழங்கும் அமைப்புகளே வேறு. பகல்நேரத் தொடர் நடிகையின் பெயரைப் பிரைம்டைம் பட்டியலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

சரிபார்க்க, டேடைம் எம்மியின் 'நாடகத் தொடர், முன்னணி நடிகை' பிரிவில் 1999-ஆம் ஆண்டைப் பாருங்கள். விழாக் காணொளியும் யூடியூபில் இருக்கிறது. பழைய செய்தி யாராவது காட்டினால், முதலில் அதன் தேதி 1999 மே மாதத்துக்கு முன்னதா என்று பாருங்கள்.