மருந்தளவை யார் கேட்பது?

உலகில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அன்றாடம் விழுங்கும் மாத்திரைகளின் அளவு பெரும்பாலும் வேறு கண்டத்து உடல்களில் சோதித்து முடிவானது. அந்த அளவு சரிதானா என்று கேட்கும் உரிமையும் பணமும் அங்குள்ள இளம் ஆய்வாளர்களிடம் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ரத்த மாதிரி சேகரித்து அனுப்பும் வேலையோடு அவர்களை நிறுத்திக்கொள்வது அறிவியலுக்கே நட்டம்.

எச்.ஐ.வி.க்கான எஃபாவிரென்ஸ் மாத்திரையையே எடுத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகள் முதல்நிலைச் சிகிச்சையில் இருந்த இம்மருந்தின் வழக்கமான அளவு நாளுக்கு 600 மில்லிகிராம். கல்லீரலில் இதைச் சிதைக்கும் நொதிக்கான சிஒய்பி2பி6 மரபணுவின் ஒரு மாற்றுவடிவம் ஐரோப்பியரைவிட ஆப்பிரிக்கரிடம் அதிகம். அதை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவருக்கு மருந்து மெதுவாகவே வெளியேறுவதால், ரத்தத்தில் அதன் அளவு ஏறி, கொடுங்கனவும் தலைச்சுற்றலும் மனச்சோர்வும் வர வாய்ப்பு கூடுகிறது. ஜிம்பாப்வே நோயாளிகளிடம் இதை அளந்து 2008இல் வெளியிட்டவர்களில் ஹராரேயில் ஆய்வு நிறுவனம் ஒன்றை உருவாக்கிய காலன் மசிமிரெம்ப்வாவும் ஒருவர். 400 மில்லிகிராமே போதும் என்பதைப் பன்னாட்டுச் சோதனை ஒன்று நிறுவியது அதற்குப் பிறகுதான். அடுத்து டோலுடெக்ராவிர் என்ற புதிய எச்.ஐ.வி. மருந்து வந்தபோதும் இதே கதைதான்: அதை உட்கொள்வோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, உடல் எடை கூடுவதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று 2019இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்தது.

இத்தகைய கேள்விகளை எழுப்பும் திறன் அங்கே இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவின் டர்பனை மையமாகக் கொண்ட, காசநோயையும் எச்.ஐ.வி.யையும் ஆராயும் சான்தே போன்ற வலையமைப்புகள் ஆப்பிரிக்க முனைவர் பட்ட மாணவர்களை அவரவர் மண்ணிலேயே பயிற்றுவிக்கின்றன. குறை இருப்பது பணத்தில்தான். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை முடக்கியதும், தென்னாப்பிரிக்க ஆய்வாளர் கிளெண்டா கிரே தலைமையில் எட்டு ஆப்பிரிக்க நாடுகள் இணைந்து நடத்தவிருந்த எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வு நின்றுபோனது. மூத்த பேராசிரியருக்குப் பல்கலைக்கழகப் பதவியாவது மிஞ்சும். திட்டம் முடியும்வரை மட்டுமே சம்பளம் என்று சேர்ந்த இளைஞருக்கு அதுவும் இல்லை. (இதை வெறும் நிர்வாகச் சிக்கல் என்று எழுதுவோரைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.)

பழி முழுவதையும் வாஷிங்டன்மீது போட்டுவிடவும் முடியாது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 விழுக்காட்டை ஆராய்ச்சிக்கு ஒதுக்குவதாக ஆப்பிரிக்க ஒன்றிய நாடுகள் ஏற்றுக்கொண்ட இலக்கைப் பெரும்பாலான அரசுகள் இன்னும் எட்டவில்லை. இந்தியாவுக்கும் இதில் பொறுப்பு உண்டு. நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவான செலவில் கூட்டு மருந்து தர 2001இல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா முன்வந்ததிலிருந்து, ஆப்பிரிக்காவின் எச்.ஐ.வி. மருந்துச் சந்தையில் இந்திய நிறுவனங்களுக்கே பெரும்பங்கு. அங்கிருந்து ஈட்டும் லாபத்தில் சிறு பகுதியை, தங்கள் பெயரைத் திணிக்காமலும் முடிவில் தலையிடாமலும், ஹராரேயிலோ கம்பாலாவிலோ தன் முதல் ஆய்வகத்தை அமைக்க முயலும் இளம் மருந்தியலாளருக்கு ஐந்தாண்டு நல்கையாக அவை தர வேண்டும்.