பவர் பத்திரம் கடைசிவரை உதவாது

"அம்மாவிடம் பவர் ஆஃப் அட்டர்னி வாங்கிவிட்டால் போதும், ஞாபகம் போனாலும் கவலையில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. பவர் என்பது நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ சுயபுத்தி இழந்தாலோ சாதாரண பவர் முடிந்துவிடும். அதாவது, நமக்குத் தேவைப்படும் நேரம் பார்த்துக் கையை விரித்துவிடும்!

மும்பை மாட்டுங்காவில் எங்கள் பெரியம்மாவுக்கு மறதிநோய் முற்றியிருந்த சமயம். பச்சை ஃபைலில் பத்திரமாக வைத்திருந்த பவரைப் புரட்டிக்கொண்டே வங்கி மேனேஜர், "ஆஜி கஷா ஆஹேத்?" (பாட்டி எப்படி இருக்கிறார்?) என்று மராத்தியில் கேட்டார். அண்ணன் உள்ளதைச் சொன்னான். ஃபைல் அப்படியே எங்கள் பக்கம் திரும்பி வந்தது. அப்புறம், பெரியம்மா சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் காப்பாளர் உத்தரவுக்கு வக்கீல், உயர் நீதிமன்றம் என்று அலைச்சல்தான்.

கை நடுங்கிக் கையெழுத்து வராதது வேறு விஷயம். அதற்குச் சாட்சிகளோடு கைநாட்டு போதும். அம்மா தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கை ஐதர் ஆர் சர்வைவர் முறைக்கு (இருவரில் யார் வேண்டுமானாலும், ஒருவர் இறந்தால் மற்றவரும் இயக்கும் கூட்டுக் கணக்கு) மாற்றுங்கள், உயிலையும் எழுதச் சொல்லுங்கள்.