எண்ணிக்கை மட்டும் பொறித்த கல்

என் அம்மாவின் ஊரில் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு பழைய சாவடி இருக்கிறது. அதன் சுவரில் இரண்டடி அகலத்துக்கு ஒரு சலவைக்கல். சிறுவயதில் அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் பஸ்ஸுக்குக் காத்திருப்போம். சாவடிக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் கல்லுக்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது ஒரு வாளித் தண்ணீரும் பழைய துண்டும் வைத்து அரைமணி நேரம் துடைத்தேன். ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. இந்த ஊரிலிருந்து 18 பேர் 1914-1919 பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் 2 பேர் உயிர் துறந்தார்கள். அவ்வளவுதான். அந்த 18 பேர் யார், திரும்பி வராத இரண்டு பேர் யார் என்று கல் சொல்லவில்லை.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் இதே வாசகத்தோடு கற்கள் இருக்கின்றன. ஊருக்கு ஊர் எண்ணிக்கை மட்டும் மாறும்.

செங்கத்துக்குப் பக்கத்தில் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் இறந்த வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை, இருபதாம் நூற்றாண்டில் கடல் கடந்து போய்ச் செத்த எங்கள் ஊர்க்காரனுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இது.

போர்வீரர்களின் கல்லறைகளை டிஜிட்டல் வரைபடத்தில் ஏற்றி, ஒவ்வொரு புள்ளியையும் தொட்டால் அந்த மனிதரின் கதை வரும்படி செய்யும் வேலை இன்று பல நாடுகளில் நடக்கிறது. நல்ல வேலை. சில சமயம் அது அவமானத்திலிருந்தும் பிறக்கும். அமெரிக்காவின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் பதிவெல்லாம் காகித அட்டைகளிலும் கையால் வரைந்த படங்களிலும்தான் கிடந்தது. பெயர் மாறிய கல், கல் இல்லாத குழி என்று 200க்கும் மேற்பட்ட குளறுபடிகள் இருப்பதை 2010 விசாரணை அம்பலப்படுத்தியது. மறு வருடம் கோடைகால இரவுகளில் படைவீரர்களே கையில் ஐபோனோடு வரிசை வரிசையாக நடந்து, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களையும் சாம்பல் வைக்கும் மாடங்களையும் படமெடுத்தார்கள். கல்லில் இருப்பதையும் அட்டையில் இருப்பதையும் ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். 2012இல் அது பொதுமக்களுக்கான செயலியாக வந்தது. இன்று தாத்தாவின் பெயரைத் தட்டினால், நுழைவாயிலிலிருந்து அவர் கல்வரை வழி காட்டும்.

அதைப் படித்த ஆசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் தினமும் பஸ்ஸில் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே போயிருப்பார்கள்? தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் அங்கங்கே சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளை 1952இல் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து அமைத்தது அது. 856 கல்லறைகள். பின்பக்கத்தில், முதல் உலகப்போரின்போது இறந்து, இந்தியாவின் பல மூலைகளில் புதைக்கப்பட்டு, பராமரிக்க வழியில்லாமல் போன 1,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. புல் வெட்டிய விதத்தைப் பார்த்தாலே தெரியும், எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று.

அங்கேதான் முதல் பாடம் கிடைத்தது. ஒரு கல்லின் எதிரே நின்று கைபேசியில் இடத்தைக் குறித்தேன். புள்ளி இரண்டு வரிசை தள்ளி வேறொருவர் தலைமாட்டில் போய் நின்றது. திறந்த வானத்தின் கீழேயே சாதாரணக் கைபேசி ஐந்து மீட்டர் வரை பிசகும். கல்லுக்கும் கல்லுக்கும் இடைவெளியோ அதைவிடக் குறைவு. ஆர்வக்கோளாறில் என்னைப் போல நாலு பேர் குறித்தால், ஆர்லிங்டனில் காகிதத்தில் நடந்த தவறு இங்கே திரையில் நடக்கும். பகுதி, வரிசை, கல்லறை எண் என்ற பழைய முகவரியைக் கல்லின் படத்தோடு சேர்த்துப் பதிய வேண்டும். துல்லியம் வேண்டுமென்றால், தரையில் நிலையாக வைத்த கருவியிலிருந்து திருத்தம் வாங்கும் நில அளவைக் கருவி வேண்டும். அது சென்டிமீட்டர் கணக்கில் சொல்லும்.

ஆனால் எனக்கு உண்மையான தகராறு வேறு இடத்தில். கல்லறையை வரைபடத்தில் ஏற்றுகிறோம் என்றால், கல்லறை இருப்பவனை ஏற்றுகிறோம் என்றுதானே பொருள்? எரிக்கப்பட்டவன், ஆற்றோடு போனவன், பாலைவனத்தில் விடப்பட்டவன் எங்கே வருவான்?

இராக்கில் பஸ்ரா நினைவுச் சின்னம் இருக்கிறது. அன்று மெசபடோமியா என்று அழைக்கப்பட்ட அந்தப் பகுதியில் இறந்து, கல்லறை எதுவென்று தெரியாத 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது. இந்தியப் படைப்பிரிவுகளின் பலகைகளில் அதிகாரிகளின் பெயர்கள் இருக்கின்றன. சாதாரணச் சிப்பாய்களுக்கு? ‘மற்ற நிலையினர் இத்தனை பேர்’ என்று எண்ணிக்கை. எங்கள் சாவடிக் கல் போலவே. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டது. இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள் என 45,000 முதல் 54,000 பேர்வரை வெள்ளைக்காரருக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. இறப்பில் எல்லாரும் சமம், பதவி பார்க்க மாட்டோம் என்று கொள்கை வகுத்து 1917இல் தொடங்கிய அமைப்பு அது.

ஆகவே நான் சொல்வது இதுதான். வரைபடத்தைக் கல்லறையிலிருந்து தொடங்காதீர்கள், அவன் புறப்பட்ட ஊரிலிருந்து தொடங்குங்கள். கல்லறை எல்லாருக்கும் இல்லை. ஊர் எல்லாருக்கும் உண்டு.

பஞ்சாபில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். போர் முடிந்ததும் பஞ்சாப் அரசாங்கம் ஊர்வாரியாக யார் யார் போனார்கள் என்று பதிவேடு எழுதியது. சுமார் 3,20,000 பேரின் விவரம் லாகூர் அருங்காட்சியகத்தில் நூறு வருடம் தூங்கியது. பிரிட்டனில் உள்ள பஞ்சாபியரும் கிரீன்விச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதை இணையத்தில் ஏற்றத் தொடங்கி, 2021இல் முதலில் மூன்று மாவட்டங்களை வெளியிட்டார்கள். ஜலந்தரைச் சேர்ந்தவர் தன் கிராமத்தின் பெயரைத் தேடிக் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடிக்கலாம். நம் பக்கமிருந்து போனவர்கள் மட்டும் குறைவா? ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸ் மெசபடோமியாவில் பாலம் கட்டினார்கள். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் அடிவாங்கியது.

இதை வெளிநாட்டு மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார முடியாது. ஆணையத்தின் இணையத் தரவில் நம் ஆட்களைத் தேடிப் பாருங்கள், தெரியும். முனுசாமியை அந்தக் காலத்து எழுத்தர் எப்படியெல்லாம் ஆங்கிலத்தில் எழுதினாரோ, அத்தனை விதமாகவும் தேட வேண்டும். ஊர்ப் பெயர் அதைவிட மோசம். ‘புதூர், சேலம் மாவட்டம்’ என்றிருந்தால் எந்தப் புதூர்? அன்றைய சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் தர்மபுரி பிரிந்தது, பிறகு நாமக்கல், பிறகு தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி. கணினி முதலில் கண்ணில் படும் புதூரில் ஊசியைக் குத்திவிட்டுப் போய்விடும். அந்தப் புதூரில் ஒரு தெருப் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ வைத்து ஆளைப் பிடிக்க உள்ளூர்க்காரரால்தான் முடியும்.

‘வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவனுக்கு எதற்கு நினைவு?’ என்று கருத்துப் பெட்டியில் யாராவது கேட்பார்கள். 1914இல் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். மழை பொய்த்த ஊரில் அந்தப் பதினோரு ரூபாய்க்காகக் கையெழுத்துப் போட்டவனிடம் தேசபக்திச் சான்றிதழ் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டீக்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, பசரா வீட்டுக் கல்லைத் தேய்க்கிறீர்கள்?” என்றார். எனக்குப் புரியவில்லை. வடக்குத் தெருவில் ஓட்டு வீடு ஒன்றை ஊரே பசரா வீடு என்றுதான் சொல்லும், நானும் சொல்லியிருக்கிறேன். ஏதோ பட்டப்பெயர் என்று நினைத்திருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது, அது பஸ்ரா. அந்த வீட்டிலிருந்து ஒருவர் அங்கே போயிருக்கிறார். திரும்பி வந்தாரா என்று டீக்கடைக்காரருக்குத் தெரியவில்லை.

கல் இருக்கும் இடத்தைத் திறந்த வரைபடத்தில் ஏற்றிவிட்டேன். படம், வாசகம், எண்ணிக்கை எல்லாம் சேர்த்தாயிற்று. பெயர்களுக்கென்று 18 வரிசை போட்டு ஒரு தனி அட்டவணையும் வைத்திருக்கிறேன், இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பசரா வீட்டுப் பாட்டிக்கு எண்பத்தாறு வயது, காதுதான் கொஞ்சம் மந்தம். பங்குனித் திருவிழாவுக்குப் போகும்போது முதலில் அங்கேதான் போகிறேன்.