ரயிலில் பாடுகிறவருக்கு ஓர் இடம் கொடுங்கள்

2025 பிப்ரவரியில் பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் பிரிட்டிஷ் பாடகர் எட் ஷீரன் நடைபாதையில் நின்று பாடிக்கொண்டிருந்தபோது, ஒரு காவலர் வந்து மைக் ஒயரைப் பிடுங்கிய வீடியோ பலருக்கும் நினைவிருக்கும். அதற்கு நான்கு நாள் முன்புதான் சென்னையில் ஏ.ஆர்.ரகுமானோடு ஒரே மேடையில் பாடியவர். அனுமதி வாங்கியிருந்தோம் என்றார் அவர். கூட்டம் நெரியும் தெரு, அதனால் அனுமதி மறுத்துவிட்டோம் என்றது காவல்துறை. சில நாள் எல்லோரும் அதைப் பற்றிப் பேசினோம், அப்புறம் மறந்துவிட்டோம். 2023 ஜனவரியில் டெல்லி கன்னாட் பிளேஸில் கிதார் வாசித்த இளைஞரைக் காவலர் எழுப்பிவிட்டபோதும் இப்படித்தான் பேசிவிட்டு மறந்தோம்.

அந்த இரண்டு விவாதத்திலும் ஒருவர்கூடப் பேசாத ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையில் தினமும் பாடுகிறவர்கள் அவர்கள். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலில் போகிற யாருக்கும் அவர்களைத் தெரியும். கழுத்தில் தொங்கும் சின்ன ஸ்பீக்கர், கையில் மைக், பென்டிரைவில் கரோக்கி. பலர் பார்வையற்றவர்கள். சில நேரம் கணவனும் மனைவியுமாக, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வருவார்கள். இளையராஜா பாட்டுதான் அதிகம். சிலருக்கு நல்ல பயிற்சி இருக்கிறது, சுருதி பிசகுவதே இல்லை. பெண் குரல் வரும் இடத்தில் அந்த அம்மா எடுத்துப் பாடும்போது, போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் பாடும் விதம் எவ்வளவு ஆபத்தானது என்று யோசித்திருக்கிறீர்களா? நம் மின்சார ரயில்களில் பெரும்பாலும் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு உள்ளேயே போக வழி கிடையாது. நிலையத்தில் வண்டி நிற்கும் அந்தச் சில நொடிக்குள் இறங்கி, கண் தெரியாமல் நடைமேடையில் ஓடி, அடுத்த பெட்டியில் ஏற வேண்டும். ஒரு நாளில் இதை எத்தனை முறை செய்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சட்டம் இவர்களை எப்படிப் பார்க்கிறது? ரயிலிலும் ரயில் நிலையத்திலும் பிச்சை எடுக்க அனுமதி இல்லை என்கிறது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144ஆம் பிரிவு. பாடி வாங்கும் காசு பிச்சையா, உழைப்புக்கு வரும் கூலியா? அதை அந்தப் பிரிவு பிரித்துச் சொல்வதில்லை. அந்த நேரத்தில் அங்கே நிற்கும் காவலர் என்ன நினைக்கிறாரோ அதுதான் முடிவு. 1959ஆம் ஆண்டு பம்பாய் பிச்சைத் தடுப்புச் சட்டமோ இன்னும் வெளிப்படையானது. பாட்டு, ஆட்டம், குறி சொல்வது, வித்தை காட்டுவது என்று எந்தப் பெயரில் பொது இடத்தில் தருமம் வாங்கினாலும் அது பிச்சைதான் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். டெல்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்த அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. ஆனால் அந்தப் பார்வை போகவில்லை. பூம்பூம் மாட்டுக்காரரையும் கழைக்கூத்தாடியையும் கலைஞர் என்று சொல்ல இன்றைக்கும் நமக்கு நா எழுவதில்லை. சபாவில் மேடை போட்டுப் பாடினால் வித்வான், அதே ஆள் தெருவில் பாடினால் கையேந்துகிறவர். இந்தப் பாகுபாடு எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

வெளியூர்களில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்க்கலாம். லண்டன் சுரங்க ரயிலில் பாடுகிறவர்களை ஒரு காலத்தில் துரத்திக்கொண்டுதான் இருந்தார்கள். 2003இல் உரிமத் திட்டம் கொண்டுவந்து, நிலையங்களுக்குள் குறிப்பிட்ட இடங்களைத் தரையில் அரைவட்டம் போட்டுக் காட்டி, நேரம் பிரித்துக் கொடுத்தார்கள். பாரிஸ் மெட்ரோ 1997 முதலே தேர்வு வைத்து இசைக்கலைஞர்களுக்கு அட்டை கொடுக்கிறது. சிங்கப்பூரில் தேசிய கலை மன்றத்தின் முன் பாடிக் காட்டி அனுமதி வாங்க வேண்டும்.

இந்தத் தேர்வு வைக்கும் முறை மட்டும் எனக்கு உடன்பாடில்லை. யார் பாடுவது நன்றாயிருக்கிறது என்பதை அதிகாரி எதற்கு முடிவு செய்ய வேண்டும்? பிடித்தவர் காசு போடுவார், பிடிக்காதவர் நடந்து போய்விடுவார். அரசு பார்க்க வேண்டியது இடம், நேரம், சத்தம் மூன்றும்தான்.

சத்தம் என்றதும் பலர் கையைத் தூக்குவீர்கள், நியாயம்தான். 2025 ஏப்ரலில் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் தெருப்பாடகர்களுக்கான இடங்களையே மாநகராட்சி நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பக்கத்து அலுவலகத்தினர் வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டார்கள். நாள் முழுக்க ஸ்பீக்கரில் அதே பாட்டுகளைக் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பது கொடுமை என்பதை மறுக்க முடியாது. உரிமம் கொடுத்துவிட்டு, ஸ்பீக்கர் அளவைக் கண்காணிக்காமல் விட்டால் அங்கேதான் போய் நிற்கும்.

நமக்கு அதற்கான விதி ஏற்கெனவே இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்க எழுத்துமூலம் அனுமதி வேண்டும். பகல் நேர வரம்பு குடியிருப்புப் பகுதியில் 55 டெசிபல், வணிகப் பகுதியில் 65. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை வைக்கவே கூடாது. கட்சிக் கூட்டத்துக்குத் தெருவை அடைத்துக் குழாய் கட்ட அனுமதி கொடுக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, ஒரு ஆள் ஒரு சின்னப் பெட்டியை வைத்துப் பாட அனுமதி கொடுப்பது பெரிய காரியமாக இருக்க முடியாது.

பாண்டி பஜாரில் 2019இல் அவ்வளவு அகலமான நடைபாதை போட்டோம். அங்கே நான்கைந்து இடம் குறிக்கலாம். பெசன்ட் நகர் கடற்கரையில் குறிக்கலாம். கிதார் வாசிக்கும் கல்லூரிப் பிள்ளைகளும் பறை அடிக்கிறவர்களும் நாகஸ்வரம் வாசிக்கிறவர்களும் முறை வைத்து வரட்டும். ஆனால் முதல் இடம் ரயிலில் பாடுகிறவர்களுக்குத்தான் போக வேண்டும். புது விதி எதுவாக இருந்தாலும், ஸ்மார்ட்போனில் விண்ணப்பம், ஆங்கிலப் படிவம் என்று ஆரம்பித்தால் முதலில் வெளியே தள்ளப்படுவது அவர்கள்தான். பெயரைச் சொன்னால் பதிவு செய்துகொள்ளும் ஒரு மேசை போதும்.

தெற்கு ரயில்வேக்கு இது புதிதும் இல்லை. 2022இல் தொடங்கிய 'ஒரு நிலையம் ஒரு பொருள்' திட்டத்தில் கைவினைஞர்களுக்கும் நெசவாளர்களுக்கும் சிறு கட்டணத்தில், சுழற்சி முறையில் நிலையத்துக்குள் கடை போட இடம் கொடுக்கிறார்கள். அதே நிலையத்தில் டிக்கெட் கவுன்டரைத் தாண்டி ஒரு ஓரம், ஒரு நாற்காலி, ஆளுக்கு இரண்டு மணி நேரம். கடற்கரை, எழும்பூர், மாம்பலம், கிண்டி, தாம்பரம் என்று ஐந்து நிலையத்தில் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். ரயில்வே பயணிகள் சங்கங்களில் இருக்கும் நண்பர்கள் இதைக் கோட்ட மேலாளரிடம் எழுத்தில் கொண்டுபோனால், கையெழுத்துப் போட நான் வருகிறேன்.