இடது மூளை கணக்கு கதை

அண்ணாச்சி, பிளஸ் ஒன் குரூப் எடுக்கதுக்கு "கணக்கு இடது மூளை வேலை, வலது மூளை பிள்ளைகளுக்கு வராது, ஆர்ட்ஸ்ல போடுங்க"ன்னு போட்டிருக்கீங்கல்லா, அது சரியில்ல கேட்டியளா. எண்ணோட அளவைப் புரிஞ்சுக்கிடுத இடம் மூளையில ரெண்டு பக்கமும் உண்டு, உச்சிக்கு கொஞ்சம் பின்னால, பரைட்டல் பகுதியில. வாய்ப்பாடு மட்டும் பெரும்பாலும் இடது பக்கம் மொழியோட ஒட்டிக் கிடக்கும், அதை வச்சு யாரோ மொத்த கணக்கையும் இடதுக்கு எழுதிக் குடுத்துட்டாவ. இந்த அளவு புரியுதது எப்படின்னா, குளச்சல் சந்தையில சாளை மீன் கூறு போட்டிருக்கதப் பாருங்க, மூணு மீன்னா எண்ணாமலே தெரியும், ஏழெட்டுன்னா எண்ணணும், ரெண்டு பெரிய கூறுன்னா எதுல கூடன்னு கண்ணு உத்தேசமா சொல்லிரும், ஆனா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுபோல இருந்தா தடுமாறும்.

எழுதின நம்பர்லயும் அதே சங்கதிதான். 9 பெருசா 2 பெருசான்னா டக்குன்னு வரும், 6ஆ 5ஆன்னா ஒரு துளி லேட்டாவும், 1967லயே மோயர், லாண்டவர்னு ரெண்டு சைக்காலஜி ஆராய்ச்சிக்காரங்க நேரம் வச்சு அளந்திருக்காவ.

"வலது மூளை பிள்ளை"ன்னு ஒரு வகையே கிடையாது. பத்து கேள்வியில மூளைப் பக்கம் சொல்லுத அந்த டெஸ்ட் எல்லாம் சும்மா டைம்பாஸ், அத நம்பி குரூப்பை மாத்திராதீங்க.