இரண்டு ஸ்பூன் பவுடரும் ஒரு கிண்ணம் சுண்டலும்

டியூஷன் முடிந்து பசியோடு வரும் பிள்ளைக்கு, பாலில் இரண்டு ஸ்பூன் மால்ட் பவுடர் கலந்து கொடுத்தால் ஒரு கிண்ணம் சுண்டலின் புரதம் கிடைத்துவிடும் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. நல்ல எண்ணத்தில்தான் பகிர்ந்திருப்பார்கள். ஆனால் கணக்கு அப்படி வரவில்லை.

டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். புரதம் 100 கிராமுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். எங்கள் வீட்டு டப்பாவில் 8 கிராம். நாம் கலக்குவதோ 20 கிராம்தான். அப்படியானால் பவுடரிலிருந்து வருவது 1.6 கிராம். அந்த டம்ளரில் மீதிப் புரதம் எல்லாம் பாலுடையது. 200 மில்லி பாலிலேயே சுமார் 6 கிராம் இருக்கிறது. அதே வரிசையில் சர்க்கரை எவ்வளவு என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சரி, சுண்டல்? சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் ஈர வயலில் நாம் தெளிக்கிறோமே, சுண்டலுக்குப் போடும் அந்தப் பச்சைப்பயறில் 100 கிராமுக்கு 22 கிராமுக்கு மேல் புரதம். வேகவைக்காத பயறு 30 கிராம் (சின்னக் கை ஒரு பிடி) எடுத்தால் 6 கிராமுக்குக் குறையாது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுச்சத்து அட்டவணையில் யாரும் சரிபார்க்கலாம்.

பவுடர் கூடாது என்று சொல்லவில்லை. ருசிக்காகக் கலந்தால் கலக்குங்கள், என் பையனும் கேட்கத்தான் செய்கிறான். சுண்டலுக்குப் பதில் என்பதுதான் தவறு.