ஆறு நாளுக்குக் கால்குலேட்டர் எதற்கு?

"வானமும் பூமியும் 6 நாளில் படைக்கப்பட்டன, இறைவனிடம் 1 நாள் 1,000 வருஷம், ஆக மொத்தம் 6,000 வருஷம்." நோன்பு நெருங்கினால் இந்த வாட்சாப் கணக்கு சுற்றத் தொடங்கிவிடும். அதே 1,000 வருஷத்தை வைத்து ஒளியின் வேகத்தையே பிடித்துவிட்டதாக இன்னொன்று. மார்க்கத்துக்குப் பெருமை சேர்க்கும் நினைப்பில்தான் அனுப்புகிறார்கள். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை.

1,000 வருஷம் குர்ஆனின் 22:47இலும் 32:5இலும் வருகிறது. 70:4இல் ஒரு நாளின் அளவு 50,000 வருஷம். எதால் பெருக்குவீர்கள்? 'யவ்ம்' என்ற அரபுச் சொல் நாளுக்கும் வரும், காலகட்டத்துக்கும் வரும். அந்த 6 நாள் நம்முடைய நாளா, 1,000 வருஷ நாளா என்பதில் முன்னோர்களே இரண்டு பட்டார்கள். விரிவுரையாளர் இப்னு கஸீர் தம் தஃப்ஸீரில் (குர்ஆன் விரிவுரையில்) இரண்டு கருத்தையும் பதிந்திருக்கிறார். அவர் திறந்துவைத்த கதவை நாம் ஏன் பூட்ட வேண்டும்?

41:9–12இல் வேறொரு வழுக்கல். பூமிக்கு 2 நாள், மலைக்கும் உணவுக்கும் 4 நாள், ஏழு வானத்துக்கு 2 நாள். கூட்டினால் 8 வருகிறதே என்று கேட்பார்கள். அந்த 4இல் முதல் 2 நாள் அடக்கம் என்பதே பெரும்பாலான விரிவுரையாளர்களின் விளக்கம். கோலாலம்பூரில் இருந்து ஈப்போவுக்கு 2 மணி நேரம், பினாங்குக்கு 4 மணி நேரம் என்றால் யாராவது கூட்டி 6 என்பார்களா?

"படைப்புக்கு முன்னால் என்ன நடந்தது?" என்ற கேள்விக்கு இமாம் கஸ்ஸாலி 1095இல் முடித்த 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' (தத்துவவாதிகளின் முரண்பாடு) என்ற நூலில் பதில் இருக்கிறது. காலமும் படைக்கப்பட்டதுதான், உலகத்தோடு சேர்ந்தே அதுவும் தொடங்கியது. உலகத்தின் எல்லைக்கு அப்பால் இடம் இருந்தே ஆக வேண்டும் என்று மனசு அடம்பிடிக்கிறது அல்லவா, 'முன்னால்' என்பதும் அதே மாதிரி மனசின் அடம். தத்துவவாதி இப்னு ருஷ்து பின்னாளில் இதை வரிக்கு வரி மறுத்தார், அது தனிக்கதை. இறைவனைக் காலண்டருக்குள் உட்கார வைக்கக் கூடாது என்பதில் கஸ்ஸாலி பக்கம்தான் நான்.

நம் கடிகாரத்தின் லட்சணத்தையும் பார்ப்போம். 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்கு மலேசியத் தீபகற்பத்தில் முள்ளை 12க்குத் தள்ளினார்கள், சபா சரவாக்கோடு ஒத்துப்போக. மறுநாள் தோட்டத்துப் பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) அரை மணி முன்னதாக வந்தது, சூரியன் வரவில்லை. பேராக்கில் உள்ள நம் சுங்கை சிப்புட் ஏறக்குறைய 101 பாகை கிழக்கில் இருக்கிறது. சூரியக் கணக்கில் நமக்குரிய நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 44 நிமிடம் முன்னால், சுவரில் மாட்டியிருப்பதோ 8 மணி. லுஹர் (நண்பகல் தொழுகை) பாங்கு 12க்குச் சொல்லாமல் பிப்ரவரியில் 1.30ஐ ஒட்டியும், நவம்பர் தொடக்கத்தில் 1 மணியை ஒட்டியும் சொல்வது இதனால்தான்.

தொழுகை நேரத்தை அளக்க 1 மீட்டர் குச்சி போதும். வெட்டவெளியில் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குறுகும்போது அளந்துகொள்ளுங்கள். டிசம்பர் 21இல் இங்கே சுமார் 54 செ.மீ. இருக்கும். அதோடு குச்சியின் நீளத்தையும் சேர்த்து நிழல் 1.54 மீட்டர் ஆனால் ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) அஸர் என்ற பிற்பகல் தொழுகை நேரம் தொடங்கும், ஹனஃபி மத்ஹபில் 2.54 ஆக வேண்டும். பலர் அந்த 54ஐ விட்டுவிடுவதால் அஸரை முன்கூட்டியே தொழுதுவிடுகிறார்கள். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் மட்டும் இந்தத் தவறு தெரியாது, அப்போது உச்சி நிழலே இங்கே இல்லை.

நாள் மாறுவதும் சூரியன் மறையும் மஃரிபில்தான். அழைப்புப் பத்திரிகையில் "வெள்ளி இரவு" என்று மட்டும் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு இந்து நண்பர் மறுநாள் ராத்திரி வந்து நின்றால் குற்றம் அவருடையதல்ல. "வியாழன் பின்னேரம், வெள்ளி இரவு" என்று முழுதாக எழுதுங்கள்.

மாதமும் அப்படியே. தீபாவளியும் சீனப் புத்தாண்டும் அதிக மாதம் சேர்த்துப் பருவத்தோடு நிற்கின்றன. அந்தச் செருகலைக் குர்ஆனின் 9:37 தடுத்துவிட்டது. ஹிஜ்ரி வருஷம் 354 அல்லது 355 நாள், ஆண்டுக்கு சுமார் 11 நாள் முன்னே நகரும். 2030இல் ஜனவரியில் ஒரு நோன்பு, டிசம்பர் கடைசியில் இன்னொரு நோன்பு. பள்ளிவாசல் கஞ்சிக்கு அரிசி வாங்குகிறவர்கள் அந்த வருஷக் கணக்கை இப்போதே போட்டுவைக்கலாம்; கால்குலேட்டர் அங்கே உதவும்.